யார் தோல்?

எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்களுக்குப் பரு வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் ஸ்டீராய்டு ட்யூப். பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018இலேயே அரசு சொல்லியாயிற்று, யார் கேட்கிறார்கள்? சில நாளில் முகம் பளிச்சிடும். போகப் போகத் தோல் மெலியும், நிறுத்தினால் பரு கொத்தாகக் கிளம்பும். அடபலீன் போன்ற முறையான மருந்து பலன் தர 8 முதல் 12 வாரம் ஆகும். பெண் பார்க்க வருகிறவர்கள் அதுவரை பொறுப்பார்களா?

அதே பெண்ணின் கை, பசையிலும் குரோம் தோலிலும் வெடித்து அரிக்கிறது. அதற்கும் அதே ட்யூப்தான். கை கல்யாணத்தைத் தடுக்காதே, டாக்டர் எதற்கு! ஐரோப்பாவில் விற்கும் காலணித் தோலில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது. 2015 முதல் சட்டம். போடுகிறவருக்கு அலர்ஜி வரக் கூடாதாம். தைக்கிறவளுக்கு? குரோமியத்தால் வருவது தொழில்நோய் என்று நம் சட்டமே பட்டியலிட்டிருக்கிறது. அந்தப் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்கிறேன்.