சாயங்காலம் 6 மணிக்கு யார் துணை?

சாயங்காலம் ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் ஜீப்புகள் வரிசையாக இறங்கும். ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஊர் திரும்புவார்கள். உடம்பெல்லாம் அசதி. கையில் கூலிப் பணம். வழியில் "டாஸ்மாக்" கடை! பகல் 12 மணிக்குத் திறந்த கடை, இரவு 10 மணி வரை இருக்கும்.

"இனி தொடமாட்டேன்" என்று டாக்டரிடம் சத்தியம் செய்த ஈரல் நோயாளிக்கு, இதுதான் பொல்லாத நேரம். டாக்டரோ க.விலக்கில், தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கூடலூரில் இருந்து அவரைப் பார்த்து வருவதானால் ஒரு நாள் கூலி போய்விடும்.

ஆனால், செல்போன் சட்டைப்பையிலேயே இருக்கிறது அல்லவா?

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் இதைத்தான் யோசித்தார்கள். செல்போனுக்குள் ஒரு செயலியை வைத்தார்கள். மதுக்கடைப் பக்கம் போனால் அது எச்சரிக்கும். ஆசை வந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால், துணைக்கு ஆள் வரும். குடிநோய் விடுதியில் இருந்து வீடு திரும்பிய 349 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2014-ல் முடிவு வெளிவந்தது. செயலி பெற்றவர்கள் மாதத்தில் சராசரி ஒன்றரை நாளுக்கும் குறைவாகவே மிதமிஞ்சிக் குடித்தார்கள். மற்றவர்களோ இரண்டே முக்கால் நாள்! ஈரல் நோயாளிகளிடமும் இப்படிப்பட்ட செயலிகளைச் சோதித்து வருகிறார்கள்.

குடியால் ஈரலில் முதலில் கொழுப்பு சேரும். அப்போதே குடியை விட்டால், சில வாரங்களில் ஈரல் தேறிவிடும். தழும்பு விழுந்து சுருங்கிவிட்டால் பழைய ஈரல் திரும்பாது. அப்போதும் குடியை நிறுத்தியவருக்கு ஆயுள் கூடும். ஒவ்வொரு சாயங்காலமும் கணக்கில் சேரும்.

ஆனால் இங்கிலீஷ் செயலி கூலிக்காரருக்கு எதற்கு? கம்பத்துத் தமிழில் அது பேச வேண்டும். எழுத்து வேண்டாம், குரல் போதும். பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் ஓர் ஆள் "அண்ணே, எங்கே இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். ஆள் இல்லாத செயலி, வைத்தியர் இல்லாத வைத்தியசாலைதான்.

2003-ல் மதுவின் சில்லறை விற்பனையை "டாஸ்மாக்" மூலம் அரசாங்கமே ஏற்றது. பாட்டில் விற்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, இந்தச் செயலியைச் செய்து தருவது பெரிய வேலையா?

ஒரு எச்சரிக்கை. பல வருஷமாகத் தினமும் குடித்தவர், செயலியை நம்பித் திடீரென்று நிறுத்தக்கூடாது. இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். உயிருக்கே ஆபத்து. முதல் சில நாட்கள் டாக்டரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். செயலியின் வேலை, வீடு திரும்பிய பிறகுதான்.

பட்டன் போன்தான் இருக்கிறதா? பாதகமில்லை. குடியை விடுவதற்கு ஆலோசனை கேட்க 14446 என்ற எண் இருக்கிறது. காசு கிடையாது. வீட்டுக்காரம்மாவும் பேசலாம்.