இரண்டா, நாலா?

ஒரு வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுத வேண்டும். எவ்வளவு தள்ளுவது? இரண்டு எழுத்து அளவுக்கு இடம் விடுவதா, நாலு எழுத்து அளவுக்கு விடுவதா?

"இதெல்லாம் ஒரு பிரச்னையா? இதற்கு ஒரு பத்தி வேறா?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? உலகத்துக் கம்ப்யூட்டர் மேதாவிகள் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வருஷக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். கட்சி கட்டியிருக்கிறார்கள். கோபித்துக்கொண்டும் இருக்கிறார்கள். பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். அந்தச் சண்டைக்கும் உங்கள் கையிலுள்ள செல்போனுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

பாலக்கோட்டில் ஒருவர் அன்றைய தக்காளி விலையைப் போனில் பார்க்கிறார். அரூரில் ஒரு பெண் பரீட்சை முடிவைப் பார்க்கிறாள். பென்னாகரத்தில் ஒரு பெரியவர் பேரன் உதவியோடு பட்டாவைப் பார்க்கிறார். எங்கோ ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வருவது வெறும் குறிகள்தாம். அவற்றை எழுத்தாக, படமாக, பட்டியலாகத் திரையில் கட்டி நிறுத்துவது உலாவி. உலாவிக்குள்ளே இருந்து அந்த வேலையைச் செய்கிற பகுதியை 'என்ஜின்' என்கிறார்கள். உலகத்தில் பெரும்பாலான உலாவிகளுக்கு மூன்றே என்ஜின்கள்: பிளிங்க், வெப்கிட், கெக்கோ. குரோம் உலாவிக்குள் இருப்பது பிளிங்க், சஃபாரிக்குள் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸுக்குள் கெக்கோ. நம் தமிழ்நாட்டு ஸோஹோ நிறுவனம் 2023-ல் 'உலா' என்று அழகான பெயர் வைத்து ஓர் உலாவியை வெளியிட்டது. மத்திய அரசு நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் 2025-ல் அதற்குத்தான் முதல் பரிசு, ஒரு கோடி ரூபாய். அதுவும் குரோமியம் என்ற பொதுத் திட்டத்தின் மேல் கட்டியதுதான். ஆகவே உள்ளே ஓடுவது பிளிங்க்.

பொதுத் திட்டம் என்றேன். இந்த மூன்று என்ஜின்களின் மூல எழுத்தும் ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், திருத்தம் சொல்லலாம். பொதுக் கிணறு என்றால் சண்டையும் உண்டு என்பது நமக்குத் தெரியாததா?

முதலில் குடும்ப வரலாற்றைக் கேளுங்கள். 1998-ல் கே.டி.ஈ. என்ற தொண்டர் குழுவினர் கே.எச்.டி.எம்.எல். என்ற சிறிய என்ஜினை எழுதத் தொடங்கினார்கள். 2001-ல் ஆப்பிள் நிறுவனம் அதை எடுத்துத் தன் போக்கில் வளர்த்தது; 2003 ஜனவரியில் சஃபாரி என்று உலகத்துக்குக் காட்டியது. 'எடுத்தவர் திருத்தினால் திருத்தத்தைத் திருப்பித் தர வேண்டும்' என்பது உரிம நிபந்தனை. ஆப்பிளும் தந்தது. ஆனால் எப்படி? எதை எப்போது, எதற்காக மாற்றினோம் என்ற விவரம் சரிவர இல்லாமல், மூட்டையாகக் கட்டிக் கொடுத்தது! ஒரு வருஷத்துக் கடைக் கணக்கைத் தேதி போடாமல் ஒரே சாக்கில் அள்ளிக் கொடுத்தால் எந்தக் கணக்கப்பிள்ளை என்ன செய்வார்? தொண்டர்கள் 2005-ல் பகிரங்கமாகவே குறைப்பட்டுக்கொண்டார்கள். அந்த வருஷம் ஜூன் மாதத்தில் ஆப்பிள், வெப்கிட் வேலை முழுவதையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட்டது. சட்டத்துக்குப் பங்கமில்லாமல் நடந்துகொள்வது வேறு, அடுத்தவருக்குப் பயன்படும்படி நடந்துகொள்வது வேறு என்பதை எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

பிறகு கூகிள் வந்தது. 2008-ல் குரோம் வெளியானபோது அதற்குள் இருந்தது வெப்கிட்தான். ஐந்து வருஷம் ஒரே அடுப்பில் சமையல். 2013 ஏப்ரலில் பாகப் பிரிவினை! கூகிள் தன் பங்குக்கு 'பிளிங்க்' என்று பெயரிட்டது. தனக்கு வேண்டாத 7,000-க்கு மேற்பட்ட கோப்புகளை, 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகளை, இனி அகற்றிவிடலாம் என்று அறிவித்தது. கூட்டுக் குடித்தனத்தில் எவ்வளவு தட்டுமுட்டுச் சாமான் சேர்ந்துவிடுகிறது, பார்த்தீர்களா?

இங்கேதான் நமது 'இரண்டா, நாலா' வருகிறது. வெப்கிட் குடும்பத்து வழக்கம், வரியை நாலு இடம் உள்ளே தள்ளுவது. குரோமியத்தின் வழக்கம் இரண்டு இடம். பிளிங்க் பிறந்த வீட்டு வழக்கத்தோடு புகுந்த வீட்டுக்கு வந்தது. ஒரே திட்டத்தில் ஒரு கூடத்தில் நாலு, அடுத்த கூடத்தில் இரண்டு. பெயர் வைக்கும் முறையிலும் இதே பேதம். கடைசியில் 2016-ல் பிளிங்க் முழுவதையும் இரண்டு இடத்துக்கு மாற்றினார்கள்; 2017-ல் பெயர்களையும் மாற்றினார்கள். 2018 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ்காரர்களும் தங்கள் மூல எழுத்தை ஒரே சீராக்கினார்கள். வெப்கிட் இன்றும் நாலு இடம்தான். அதனால் அதற்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

அப்படியானால் வழக்கில் ஜெயித்தது யார்? யாரும் இல்லை! வரிகளை அடுக்கும் வேலையை மனிதர் கையிலிருந்து பிடுங்கி ஒரு கருவியிடம் கொடுத்துவிட்டார்கள். எப்படி எழுதினாலும் கருவி ஒரே மாதிரி அடுக்கித் தந்துவிடும். மனம் இருந்தால் எந்தச் சண்டைக்கும் இப்படி ஒரு வழி பிறக்கும்.

ஏன் ஒரே மாதிரி வேண்டும்? அழகுக்காக அல்ல. ஒருவர் திருத்தியதை இன்னொருவர் சரிபார்க்கிறார். திருத்தியவர் ஒரு சொல்லை மாற்றும்போதே நூறு வரிகளை இப்படியும் அப்படியும் நகர்த்தி வைத்தால், பார்ப்பவருக்கு நூற்றொரு மாற்றம் தெரியும். அந்தக் கூட்டத்தில் அசல் பிழை தலையைக் குனிந்துகொண்டு தப்பிவிடும்.

எழுதுகிறவனுக்கு மிச்சமாகிற சிரமம் படிக்கிறவன் தலையில் விழும் என்பதற்கு அத்தாட்சி தருமபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆநிரை காக்கவும் மீட்கவும் போரிட்டு மாண்ட வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. வட்டெழுத்தில் பொறித்தவையும் உண்டு. அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இட மாட்டார்கள். எகரமா ஏகாரமா என்பதும் எழுத்தில் தெரியாது. பொறித்தவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவருக்கு வீரனின் பெயர் தெரியும், ஊர் தெரியும். நூற்றாண்டுகள் கழித்து வருகிற ஆராய்ச்சியாளர் அல்லவா கல்லின் முன் குந்திக்கொண்டு விழிக்கிறார்! கம்ப்யூட்டர் எழுத்துக்கு அத்தனை காலம் வேண்டாம். பத்து வருஷத்தில் எழுதினவர் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

இதுவரை சொன்னது சில்லறைச் சண்டை. இனி உயிர்நிலையான சண்டைக்கு வருவோம்.

ஒருவர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறார். பழைய சாவி ஒன்று மட்டும் யாரிடமோ தங்கிவிடுகிறது. வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வருகிறது. பழைய சாவிக்காரர் ஒருநாள் உள்ளே நுழைந்தால் என்ன ஆகும்? கம்ப்யூட்டரின் நினைவகத்திலும் இதே கதைதான். ஒரு பகுதி காலி செய்த இடத்தை இன்னொரு பகுதிக்குக் கொடுத்த பிறகு, பழைய சாவியை வைத்திருக்கும் வரி ஒன்று மறதியாக உள்ளே நுழைகிறது. கள்ளன் அந்த நேரம் பார்த்துக் காத்திருக்கிறான். குரோமியத்தில் கண்ட கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வந்தவை என்றும், அவற்றில் பாதி இந்தப் 'பழைய சாவி' வகை என்றும் அந்தத் திட்டத்தாரே 2020-ல் வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்தச் சாவியால் திறப்பது உங்கள் வங்கிக் கணக்காகவும் இருக்கலாம்.

இதற்கு என்ன செய்வது? "எழுதுகிறவர்கள் ஜாக்கிரதையாக எழுத வேண்டும்" என்பது ஒரு கட்சி. "எத்தனை கெட்டிக்காரரும் மறப்பார். மறதிக்கு இடம் கொடுக்காத மொழியில் எழுத வேண்டும்" என்பது மறு கட்சி. இரண்டாம் கட்சியின் மொழி ரஸ்ட். ஃபயர்ஃபாக்ஸ் 2017-லேயே தன் என்ஜினில் ஒரு முக்கிய உறுப்பை ரஸ்டில் எழுதி வைத்துவிட்டது. குரோமியம் 2023-ல் அதற்குக் கதவைத் திறந்தது. நடுவில் 2022-ல் பழைய சாவிகளைச் செல்லாமல் அடிக்கும் ஒரு காவல் ஏற்பாட்டையும் குரோம் செய்தது. அதற்கு நினைவகம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். விலை உயர்ந்த போனில் அது தெரியாது. மலிவுப் போனில் தெரியலாம். பாதுகாப்புக்கு எவ்வளவு விலை கொடுப்பது, அதை யார் கொடுப்பது என்பது சாமானிய வாதமல்ல.

சரி, சரிபார்ப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெப்கிட்டில் ஒருவர் எழுதியதை வேறொருவர் பார்த்துச் சம்மதித்தால்தான் உள்ளே சேரும். பிழை திருத்தினால், அதே பிழை திரும்ப வராதபடி ஒரு சோதனையும் எழுதித் தர வேண்டும். பிளிங்க்கில் புது வசதி ஒன்றை உலகத்துக்கு விடுவதென்றால் அதைப் பகிரங்கமாக அறிவித்து, பொறுப்பாளர் மூவரின் சம்மதம் பெற வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் சரிபார்ப்பவருக்கு ஒரு வியாதி உண்டு. அற்பக் குறைகளை அவர்கள் இங்கிலீஷில் 'நிட்' என்பார்கள். நிட் என்றால் ஈர், அதாவது பேன் முட்டை! பேனைப் பெருமாளாக்கும் சாமர்த்தியம் நமக்கு மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தோம்; அங்கே ஈரையே ஆக்குகிறார்கள். முதன்முதலாக ஒரு திருத்தம் கொண்டுவரும் வாலிபனிடம் இருபது ஈர்களை எடுத்துக் காட்டினால் அவன் மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா? இதை உணர்ந்துதான் கூகிளின் வழிகாட்டி இரண்டு யோசனை சொல்கிறது: அற்பக் குறையை 'இது அற்பம்' என்று அடையாளமிட்டே சொல், திருத்தம் பூரணமாக இல்லாவிட்டாலும் மொத்தத்தில் நிலைமையை மேம்படுத்தினால் ஏற்றுக்கொள். மாமியார்களும் ஆசிரியர்களும் மேலதிகாரிகளும் இதை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இதில் நமக்கு என்ன வேலை என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. பத்திரிகைத் தொடர்கதையில் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடுவது வழக்கமல்லவா? 'கோபாலன்' என்று கதை ஆரம்பித்தால் 'கோ' முழுவதும் பெரிதாக வேண்டும். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் அது மூன்று அச்சு. ஆனால் எந்தக் கம்பாஸிட்டரும் இரட்டைச் சுழியை மட்டும் பெரிதாக வைத்து மற்றதைச் சிறிதாக வைக்க மாட்டார். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு குறி: ககரம் ஒன்று, ஓகாரத்தின் குறி ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் கொள் என்று யுனிகோடு விதி சொல்கிறது, பிழைத்தோம். ஆனால் 'ஸ்ரீனிவாசன்' என்று ஆரம்பித்தால்? கண்ணுக்கு 'ஸ்ரீ' ஒரே எழுத்து. கம்ப்யூட்டருக்கு நாலு குறி. பொது விதியோ அதை 'ஸ்' தனி, 'ரீ' தனி என்று இரண்டாகத்தான் வெட்டுகிறது.

இது சரியா என்று அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கும் நிபுணர் தாமாகவே கண்டுபிடிக்க மாட்டார். அவருக்கு எழுத்து கண்ணில் உறுத்தாது. உறுத்துகிறவர் ஒருவர் சொல்ல வேண்டும். சும்மா புலம்பினால் போதாது. 'இப்படி வந்தால் சரி, அப்படி வந்தால் தப்பு' என்று ஒரு சோதனையாக எழுதித் தர வேண்டும். எல்லா என்ஜின்களும் பொதுவாக ஓட்டிப் பார்க்கிற ஒரு சோதனைத் தொகுப்பு இருக்கிறது. அதில் யாரும் சேர்க்கலாம். காசு வேண்டாம், சிபாரிசும் வேண்டாம்.

தருமபுரிக்கு அருகே செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் யாருக்காவது இது கண்ணில் படட்டும் என்றே இவ்வளவும் சொன்னேன். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். 'ஸ்ரீ' எப்படி இருக்க வேண்டும் என்றும் தெரியும். இரண்டும் தெரிந்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை. முதல் திருத்தத்தை அனுப்பும்போது வரியை எவ்வளவு உள்ளே தள்ளுவது என்று மட்டும் கவலைப்பட வேண்டாம். அதைக் கருவி பார்த்துக்கொள்ளும்.