மழையே இல்லை, கூடாரம் மட்டும் ஏன் நனைந்தது?

மாணவர்களே, பள்ளி விடுமுறை நெருங்கினால் முகாம் பேச்சும் தொடங்கிவிடும். "டீச்சர், 60 ரிங்கிட்தான், எடை ஒரு கிலோதான். வாங்கலாமா?" என்று அண்மையில் ஒரு மாணவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். படத்தில் இருந்தது ஒற்றைத் துணிக் கூடாரம். "வேண்டாம்" என்றேன். விலை குறைவு என்பதற்காக அல்ல. நம் ஊர்க் காற்றுக்கு அது ஒத்துவராது என்பதற்காக.

நானும் அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தவள்தான். லுமுட் அருகே தெலுக் பாத்தேக் கடற்கரையில் ஓர் இரவு. வானம் நிறைய நட்சத்திரம். ஒரு சொட்டு மழை இல்லை. விடியற்காலையில் பார்த்தால் போர்வை ஈரம், கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர். ஓட்டையைத் தேடினேன். ஓட்டையே இல்லை.

அந்த நீர் எங்கிருந்து வந்தது? இரவில் வெளியே நிறுத்திய மோட்டார் சைக்கிளின் இருக்கை காலையில் நனைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேகமில்லாத இரவில் மெல்லிய துணி தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வெளிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். நம் கடலோரக் காற்றிலோ ஏற்கெனவே நீராவி அதிகம். உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சும் வியர்வையும் அதோடு சேர்கின்றன. குளிர்ந்த துணியில் பட்டதும் நீராவி நீர்த்துளியாகிறது. மலாய்ப் பாடநூலில் 'கொண்டென்சாசி' என்று படித்தீர்களே, அதுதான் என் தலைமேல் சொட்டியது!

ஆகவே, முதலில் பார்க்க வேண்டியது எடையை அல்ல, அடுக்கை. உள்ளே கொசுவலை அறை, அதற்கு மேல் தனி மழைத்துணி, இரண்டுக்கும் நடுவே காற்று போய்வர இடம். இந்த இரட்டை அடுக்கில் துளிகள் மேல்துணியின் உட்புறத்தில் உருவாகி ஓரமாக வழிந்துவிடும். எடை சில நூறு கிராம் கூடும். அந்தச் சுமை தகும்.

அடுத்து, 'நீர் புகாது, 3000 மி.மீ.' என்ற விளம்பரம். அத்தனை உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பதே அதன் பொருள். கூரையில் விழும் மழைக்கு 1500 மி.மீ.கூட பெரும்பாலும் போதும். தரையின் கதை வேறு. 50 கிலோ எடையுள்ள ஒருவர் தன் எடையில் பாதியை ஒரு முழங்காலில் ஊன்றுகிறார் என்று வைப்போம். ஏறத்தாழ 250 நியூட்டன் விசை, 50 சதுர சென்டிமீட்டர் பரப்பில் விழுகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: 50 கிலோபாஸ்கல். இது சுமார் 5 மீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமம்! ஈரத் தரையில் 3000 தோற்றுவிடலாம். தீர்வு மலிவானது: கூடாரத்துக்கு அடியில் ஒரு நெகிழி விரிப்பு. அது கூடாரத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீண்டிருக்கக்கூடாது. நீண்டால் மழைநீரைப் பிடித்து அடியில் தேக்கிவிடும்.

விலை உயர்ந்த இலேசான கூடாரங்கள் பலவும் நைலானால் ஆனவை. ஆனால் நைலான் ஈரத்தை உறிஞ்சித் தொய்யும். சாதாரணக் காற்றிலேயே நைலான் தன் எடையில் சுமார் 4 விழுக்காடு ஈரம் ஏற்கும், பாலியெஸ்டரோ 0.4 விழுக்காடுதான். வெயிலையும் பாலியெஸ்டர் நன்றாகத் தாங்கும். எனவே பாலியெஸ்டர் கூடாரம் வைத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"அது 2.5 கிலோ இருக்குமே, டீச்சர்?" இருக்கட்டும். துணி ஒருவர் பையில், கம்பிகளும் முளைகளும் மற்றவர் பையில். ஆளுக்கு 1.25 கிலோ. முதுகுப்பை மொத்தமும் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. காசையும் இப்படியே பங்கு போடலாம். முதல் பயணத்துக்கு வாங்கவே வேண்டாம் என்பதே என் கருத்து. பள்ளிச் சாரணர் இயக்கத்திடம் இரவல் கேளுங்கள். அப்பா அம்மாவின் உழைப்பை ஒருநாள் ஆசைக்குச் செலவிடாதீர்கள்.

எந்தக் கூடாரமும் தவறான இடத்தில் உங்களைக் காப்பாற்றாது. 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலியில் ஒரு முகாம்தளத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்ததை மறக்க முடியுமா? செங்குத்துச் சரிவின் அடியிலும் ஆற்றங்கரையிலும் கூடாரம் போடாதீர்கள். ஆசிரியரோ பெற்றோரோ இல்லாமல் போகாதீர்கள்.

இன்றிரவே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே மாதிரியான இரண்டு நெகிழித் தாள்களில் ஒன்றை வாசல் கூரைக்கு அடியிலும் மற்றதைத் திறந்த வெளியிலும் விரித்துவையுங்கள். காலையில் எது அதிகம் நனைந்திருக்கிறது, ஏன் என்று எழுதிப் பாருங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

- அறிவியல் ஆசிரியை, சித்தியவான்