கழற்றி மாட்டும் கைப்பேசி யாருக்கு?

வேண்டிய உறுப்பை வேண்டியபோது கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளத் தக்க கைப்பேசி ஒன்று உலகுக்கு வரப்போகிறது என்ற நம்பிக்கை 2013-ஆம் ஆண்டில் பலமாகப் பரவியது. அவ்வாண்டு செப்டம்பரில் டேவ் ஹாக்கன்ஸ் என்னும் டச்சு இளைஞர் 'ஃபோன்பிளாக்ஸ்' என்ற பெயரில் அந்தக் கற்பனையை ஒரு சிறு படமாக்கி வெளியிட, அடுத்த மாதமே, அப்போது கூகுளின் உடைமையாயிருந்த மோட்டரோலா ஸ்தாபனம் அதே நோக்கமுடைய 'புராஜெக்ட் ஆரா' என்ற முயற்சியை அறிவித்தது. எலும்புக்கூடு போன்ற சட்டம் ஒன்றை வாங்கினால் போதும், காமிராவையும் பேட்டரியையும் ஒலிபெருக்கியையும் அவரவர் தேவைக்கும் வருவாய்க்கும் தக்கபடி செருகிக்கொள்ளலாம், சாமானியருக்கான கைப்பேசியின் உற்பத்திச் செலவு ஐம்பது அமெரிக்க டாலரில் அடங்கும் என்றெல்லாம் பேசினார்கள்.

அந்தப் பேச்சுக்கு நேர்ந்த கதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2015-இல் போர்ட்டோ ரீக்கோ தீவில் நடத்துவதாயிருந்த சோதனை விற்பனை நடக்கவில்லை. 2016 மே மாதத்தில் மறுபடியும் காட்டப்பட்ட ஆராவில் செயலியும் திரையும் சட்டத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருந்தன. மாற்றத் தக்கவை காமிரா, ஒலிபெருக்கி போன்ற உபரிகளே. செப்டம்பரில் கூகுள் முயற்சியையே நிறுத்திவிட்டது. அதே ஆண்டில் அடிப்பாகத்தை உருவி வேறு பாகம் செருகும் வசதியோடு எல்ஜி வெளியிட்ட 'ஜி5'-க்கு மறு ஆண்டே வந்த 'ஜி6' அந்த வசதியைத் துறந்துவிட, ஆசையாகத் துணைப் பாகங்கள் வாங்கியவர்கள் அவற்றைப் புதியதில் மாட்ட வழியின்றி நின்றார்கள்.

இத்தோல்விகளுக்குக் காரணம் கூறுவோர் பொறியியலையே பெரும்பாலும் குறை சொல்வர். அதில் நியாயம் இல்லாமலில்லை: ஒவ்வொரு பாகத்துக்கும் தனிக் கூடும் தனி இணைப்பும் வைக்கப்புகுந்தால் கருவியின் பருமனும் எடையும் விலையும் ஏறத்தான் செய்யும். ஆயினும் என் அபிப்பிராயத்தில் மூலதோஷம் வேறிடத்தில் இருந்தது. பாகங்களின் அளவும் இணைப்பு முறையும் ஒரே ஸ்தாபனத்தின் சித்தத்தைச் சார்ந்து நின்றமையால், அந்த ஸ்தாபனம் மனம் மாறிய மறுகணமே பாகங்கள் யாவும் பிரயோஜனமற்றுப் போயின.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று விளங்கும். லயத்து வீட்டில் யந்திரம் என்று சொல்லத் தக்கதாக இருந்தது பெரும்பாலும் ஒரு சைக்கிள். விடியுமுன் பால் வெட்டப் போவதற்கும், பால் வாளிகளை இருபுறமும் தொங்கவிட்டு நிறுக்கும் இடத்துக்கு உருட்டி வருவதற்கும், சம்பள நாளில் பட்டணம் போவதற்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்கு மிதிப்பதற்கும் அந்த ஒன்றே உதவியது. அதன் செயினும் பெடலும் டயரும் எந்தச் சீனர் கடையிலும் கிடைத்ததற்குக் காரணம், பல தேசத்துத் தொழிற்சாலைகள் சில பொது அளவுகளை அனுசரித்து அவற்றைச் செய்து வந்ததுதான். சட்டம் ராலேயாக இருக்கும், சக்கரம் ஊர் பேர் தெரியாததாக இருக்கும், ஆசனம் பக்கத்து லயத்துக்காரர் பழைய வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்ததாக இருக்கும். வண்டி என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. அழகுக்காகவோ விநோதத்துக்காகவோ அங்கே எவரும் பாகத்தை மாற்றியதில்லை. தேய்ந்ததை மாற்றினார்கள், அவ்வளவே.

கைப்பேசியிலும் இப்படிப்பட்ட பொது அளவு வாய்த்த சந்தர்ப்பம் உண்டு. நோக்கியா 1100 முதலிய எளிய கைப்பேசிகளில் இருந்த 'பிஎல்-5சி' என்னும் பேட்டரியை வாசகர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள்; பல மாடல்களுக்கும் அதுவே பொருந்தியதாலும், வேறு பலர் அதே அளவில் செய்து விற்றதாலும், பிற்பாடு பாட்டுப் பெட்டிகளும் சிறு வானொலிகளும்கூட அதைத் தாங்கி வந்தன. அந்தப் பேட்டரி நகத்தால் மூடியைத் திறந்து மாற்றத் தக்கது. இன்றோ பேட்டரியைப் பசை வைத்து ஒட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் அடக்கம் செய்துவிடுகிறார்கள். சார்ஜ் ஏற்றும் கம்பி ஒன்று மட்டும் எதிர்த்திசையில் சென்றிருக்கிறது. ஒரு வீட்டில் மூன்று வகைக் கம்பி தொங்கிய காலம் போய் 'யூஎஸ்பி-சி' பொதுவானதற்கு, 2024 டிசம்பர் இறுதியிலிருந்து அதைக் கட்டாயமாக்கிய ஐரோப்பியச் சட்டமும் ஒரு முக்கிய காரணம்.

பாகம் பாகமாகக் கழற்றத் தக்க கைப்பேசி அடியோடு இல்லாமலும் போகவில்லை. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஃபேர்ஃபோன் ஸ்தாபனம் அதைச் செய்கிறது. திருப்புளி ஒன்றைக்கொண்டு திரை, பேட்டரி, காமிரா யாவற்றையும் உபயோகிப்பவரே மாற்றலாம். தொழிலாளர் ஊதியத்திலும் கனிமங்களின் மூலத்திலும் அது காட்டும் கவனம் மெச்சத் தக்கது. ஆனால் விலை? 2015-இல் வந்த ஃபேர்ஃபோன் 2-இன் விலை 525 யூரோ, அதாவது இரண்டாயிரம் மலேசிய வெள்ளிக்கு மேல். தீபகற்ப மலேசியாவில் அன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 வெள்ளி. 2023-இல் வந்த ஃபேர்ஃபோன் 5 ஏறத்தாழ 700 யூரோ, நம் அன்றைய குறைந்தபட்சச் சம்பளமோ 1,500 வெள்ளி. இரண்டு மாத உழைப்பை முழுதாகக் கொடுத்தாலும் கைக்கு வராத பொருள், எட்டாண்டு கழித்தும் அப்படியே இருந்தது. பழுதுபார்க்கும் உரிமையைப் பணக்காரருக்கு மட்டும் விற்பதில் எனக்குத் திருப்தியில்லை.

ஏழைக்கு அந்த உரிமையை இன்று ஓரளவேனும் காப்பாற்றிக் கொடுப்பவர்கள் ஈப்போவின் சிறு கடைக்காரர்களே. யிக் ஃபூங் வளாகத்திலும் பட்டணத்தின் மற்ற மூலைகளிலும், வெப்பக் காற்றால் பசையை இளக்கி, மெல்லிய தகட்டால் கண்ணாடியைப் பெயர்த்து, செத்த கைப்பேசியின் உறுப்பை எடுத்து உயிருள்ளதற்குப் பொருத்துகிற அந்தக் கைத்திறனைச் சற்று நின்று பார்ப்பவர், பிரிக்கவே கூடாதென்று செய்யப்பட்டதை இவர்கள் பிரித்துக் கூட்டுகிறார்களே என்று வியக்காமல் இருக்க முடியாது. இதை அற்ப விஷயமென்று ஒதுக்குவோர் 2020-ஐ நினைத்துப் பார்க்கட்டும். பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்ட அந்த ஆண்டில் கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் மின்னணுக் கருவி எதுவுமே இல்லை என்று தெரியவந்தது. அத்தகைய வீட்டுக்கு, வெடித்த திரையை மாற்றிக் கொடுத்த பழைய கைப்பேசி ஒன்று கிடைத்திருந்தால் அதுவே வகுப்பறையாகியிருக்கும்.

ஆகவே சட்டம்தான் வழி. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டுமென்று உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்துகிறது. நம் நாடும் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகங்களும் நியாயமான காலம்வரை கிடைக்க உற்பத்தியாளர் ஆவன செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் 'நியாயமான காலம்' எத்தனை ஆண்டு என்று அது வரையறுக்கவில்லை, அத்துடன் அப்பொறுப்பை ஏற்கவில்லை என்று வாங்குபவருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டால் உற்பத்தியாளர் தப்பிக்கவும் இடம் கொடுக்கிறது. அந்த ஓட்டையை அடைத்து, ஆண்டுக் கணக்கை எழுத்தில் வைக்குமாறு நம் மக்கள் பிரதிநிதிகளை வற்புறுத்துவது பயனீட்டாளர் சங்கங்களின் அவசரக் கடமை. அதுவரையில் வாசகர்கள் அடுத்த கைப்பேசியை வாங்குமுன், இதன் பேட்டரியும் திரையும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; பின்னால் தகராறு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்ய ஐந்து வெள்ளி கட்டணம்தான்.