காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி எங்கே?

மின்சாரக் காருக்குப் பெட்ரோல் காரைவிடச் செலவு குறைவு என்கிறார்கள். மெய்தான். ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

2020ல் வெளிவந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் காரின் பாட்டரி 30.2 யூனிட் கொள்ளும். ஐந்தில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போது சார்ஜ் ஏற்றினால், நிரம்புவதற்குச் சுமார் 24 யூனிட் வேண்டும். ஏற்றும்போது கொஞ்சம் மின்சாரம் சூடாகி வீணாகும். ஆகவே மீட்டரில் 27 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீணானதற்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். யூனிட் 8 ரூபாயானால் 216 ரூபாய். 20 ரூபாயானால் 540 ரூபாய்.

நேரம் எவ்வளவு? வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக் மணிக்குச் சுமார் 3 யூனிட் தரும். 27ஐ 3ஆல் வகுத்தால் 9 மணி நேரம். சொந்த வீட்டுக்காரர் தூங்கி எழுவதற்குள் பாட்டரி நிரம்பிவிடும். ஒண்டுக் குடித்தனத்தில் வாழும் வாடகைக் கார் ஓட்டுநருக்கு அந்தப் பிளக் ஏது? அவர் வேக சார்ஜ் நிலையத்தில் வரிசையில் நிற்கிறார். அங்கும் ஐந்தில் நான்கு பங்கு ஏறியபின் வேகம் குறைந்துவிடும்.

சவாரிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் வெறும் பட்டினி நேரம். நூல் வராமல் தறி நின்றால் அந்த நேரத்துக்கும் கூலி கேட்டவர்களல்லவா நாம்? இதுவும் அதே நியாயம்தான்.

நிலையங்கள் யூனிட் விலையைப் பலகையில் எழுதி வைக்கட்டும். சார்ஜ் ஏறும் நேரத்தை வண்டி முதலாளிகள் வேலை நேரமாகக் கணக்கிடட்டும். ஓட்டுநர் தோழர்கள் சங்கமாகச் சேர்ந்து இதைக் கேட்க வேண்டும். நாம் அவர்களுக்குத் துணை நிற்போம்!