புனிதமா கூலி?

சேர்வராயன் மலையிலே, தலைச்சோலைப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கும் தாயைத் தொழிலாளி என்று 1951ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்றது. அதே மலையின் தனியார் பள்ளியிலே பாடம் புகட்டும் நாம் யார்?

கற்பித்தல் உன்னதப் பணி. ஆசிரியர் தொழிலாளர் அல்லர் என்றது உச்சநீதிமன்றம், 1988இல். பணிக்கொடைச் சட்டப்படி ஊழியரும் அல்லர் என்றது, 2004இல். நிர்வாகங்களின் வழக்கறிஞர்கள் வென்றனர். கழுத்துக்குப் புகழ்மாலை, வயிற்றுக்குப் பட்டினியா?

2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்க்கும் பணிக்கொடை உண்டென்றது. அதையும் எதிர்த்து வழக்காடின தனியார் பள்ளிகள், 2022இல் தோற்றன.

வாதாடுவது வழக்கறிஞர் தொழில். அதற்குக் கட்டணம் உண்டு. கற்பிப்பதற்கு மட்டும் புண்ணியமா கூலி? தோழர்களே! 'புனிதம்' என்று போற்றுவோரிடம், 'ஊதியம் எவ்வளவு?' என்று கேளுங்கள்!