கை தளருமுன் எழுதுக

நாவலப்பிட்டிக்குப் புகையிரதம் வந்தது 1874ஆம் ஆண்டில். அதன்பின் சுற்றுவட்டாரத் தோட்டங்களை நம்பி எழுந்த கடைவீதியில், கீழே கடையும் மேலே குடியிருப்புமாகத் தலைமுறை பல கண்ட கட்டடங்களை நாம் அறிவோம். அவற்றைத் தேடி வைத்தவர் ஒருவர். இன்று உரிமை கோருவோர் பலர். இடைப்பட்ட காலத்தில் எவரும் எதையும் எழுதி வைக்கவில்லை என்பதே பல குடும்பங்களின் கதை.

'நமக்குப் பின் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்' என்பது பெருந்தன்மையான சொல்லே. ஆயினும், எழுதாமல் இறப்பவருக்காகச் சட்டமே எழுதிவிடுகிறது. பொதுச் சட்டத்துக்குட்பட்டோர்க்கு, 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, வாழ்க்கைத் துணைக்குப் பாதியும், பிள்ளைகளுக்கு எஞ்சிய பாதி சமமாகவும் சேரும். தேசவழமைக்கும் கண்டியச் சட்டத்துக்கும் முஸ்லிம் சட்டத்துக்கும் உட்பட்டோர்க்கு விதி வேறு. கணக்கிலே பங்கு பிரிப்பது எளிது. ஒற்றைக் கடையை ஐந்தாக அறுப்பது எப்படி? உடன்பிறந்தோர் பிரிவினை வழக்காடி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறுவதில்தான் அது முடிகிறது.

மரணசாசனம் நல்லதே. நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது ஐந்து சாட்சிகள், முன்னிலையில் அதனை எழுதலாம். ஆனால் அது உயிர் பிரிந்த பின்னரே பேசும். மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்கவும் வேண்டும். உரியவர் நினைவு தவறிப் படுக்கையில் கிடக்கும் காலத்துக்கு அதனாற் பயனில்லை.

நம்மவர் பெரிதும் நாடுவது, சீவிய உரித்தைத் தமக்கு வைத்துக்கொண்டு பிள்ளைக்கு நன்கொடை உறுதி முடிப்பதாகும். பெற்றோர் இருக்கும்வரை அனுபவிப்பர். பின்னர் பிள்ளைக்கு முழு உரிமை. அப்பிள்ளை பெற்றோரைக் கைவிட்டால்? மீளப்பெறாத நன்கொடையையும் பெரும் நன்றிகேட்டின் காரணமாக நீதிமன்றம் இரத்துச் செய்ய, 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. எனினும், முதுமையில் பெற்ற பிள்ளைமீது வழக்குத் தொடுப்பது எவருக்கு உவப்பான காரியம்?

இன்னுமொரு வழியுண்டு. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்த நம்பிக்கைப் பொறுப்பே அது. மூன்று பிள்ளைகளுள் கடைசி மகன் தன்னைத்தான் பார்த்துக்கொள்ள இயலாதவன் என்று வைத்துக்கொள்வோம். அவன் பெயரில் கடையை எழுதினால் யாரோ ஏமாற்றிக்கொள்வர். மூத்தவன் பெயரில் எழுதினால் தம்பியின் சோறு அண்ணன் மனத்தைப் பொறுத்தது. நம்பிக்கைப் பொறுப்பிலோ, பெற்றோர் தாமே பொறுப்பாளராயிருந்து வாடகையை நிருவகிக்கலாம். அவர்கள் தளர்ந்தாலோ மறைந்தாலோ, உறுதியில் குறித்த அடுத்தவர் பொறுப்பேற்பார். உரிமைப் பெயர் அண்ணனுடையது, பயன் தம்பியினுடையது. பொறுப்பாளர் கணக்கு வைத்தல் வேண்டும். சொத்தைத் தம் நலனுக்குப் பயன்படுத்தலாகாது. அவருடைய சொந்தக் கடனுக்கு அச்சொத்து ஈடாகாது. தவறினால் பயனாளியின் சார்பில் நீதிமன்றத்தை நாடலாம்.

சில எச்சரிக்கைகள்: காணி, கட்டடமாயின் நொத்தாரிசு உறுதியின்றி நம்பிக்கைப் பொறுப்பை ஏற்படுத்த முடியாது, காணிப் பதிவகத்தில் பதிவும் செய்தல் வேண்டும். பின்னொருநாள் மாற்ற விரும்புவோர், இரத்துச் செய்யும் உரிமையை அவ்வுறுதியிலேயே வெளிப்படையாக ஒதுக்கிக்கொள்ளல் வேண்டும். உறுதியிற் சேராத சொத்து பழைய வழியிலேயே போகும். கடன்காரரை ஏய்க்க எழுதும் உறுதி நிலைக்காது. பொறுப்பாளர் இருவராயிருப்பின் ஒருவரை ஒருவர் கவனிப்பர்.

பிள்ளைகள்மேல் நம்பிக்கையற்றோர் செய்யும் காரியம் இதுவென்று எண்ணற்க. மூத்தவன் நல்லவனே, அவனுக்கும் நாளை குடும்பம் வரும், கடன் வரும், நோய் வரும். அந்நாளில் தம்பியின் பங்கைத் தொடாதிருக்க எழுத்து அவனுக்குத் துணைநிற்கும்.

ஆகவே அன்பர்களே, பெட்டியின் அடியிற் கிடக்கும் உறுதியை இன்றே எடுத்து, அது இப்போது யார் பெயரில் இருக்கிறதென்று பாருங்கள். இன்னமும் பாட்டனார் பெயரிலேயே இருக்குமாயின், சட்டத்தரணியிடம் செல்ல நாள் பார்க்க வேண்டாம்.